மெத்தை வீட்டுக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

வாலாஜாபேட்டையின் பழைய தெருக்களில் வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்தான், இரண்டு வீட்டு விட்டமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். எங்கள் பெரியம்மாவின் மெத்தை வீடும் (செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தட்டைக் கூரை போட்ட வீடு) அப்படி. முகப்பு குறுகல், ஆனால் திண்ணை, நடை, முற்றம், கூடம், சமையற்கட்டு, கிணற்றடி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை என்பதால் வெளிச்சம், காற்று, மழை மூன்றுமே முற்றம் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஜவுளி வியாபாரம் கொழித்த இடம், 1866-லேயே நகராட்சி ஆகிவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றதும் இந்த வாலாஜா ரோடு ஸ்டேஷனில்தான். சரி, பெருமை போதும், கூரைக்கு வருவோம்.

நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகத் தேக்கு விட்டங்கள் தெரியும். அவற்றின்மேல் ஒரு அங்குல கனமே உள்ள சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, ஒரு மூலையில் ஆரம்பித்துக் குறுக்குச் சாய்வாக அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள். கீழே பலகை முட்டுக் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து பிடிப்பிலும் முந்தின வரிசையின் தாங்கலிலுமே அடுத்த வரிசை நிற்கும். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று என்ஜினீயர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கம் மெத்தை. சித்திரை வெயிலில் இந்தக் கூடத்தில் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

போன மழைக்குக் கூடத்தில் ஒரு மூலை ஒழுகியது. "ஏன்டா, மேல ஒரு கோட்டு சிமெண்ட் போட்டா நின்னுடும்ல?" என்றார் அண்ணன். நிற்காது அண்ணே. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. எப்படியும் அதில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே இறங்குகிற தண்ணீர் காய வழியில்லாமல் சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனைக்குப் போய்ச் சேரும். முனை உளுத்தால் முழு விட்டமும் வீண். ஏற்கெனவே யாரோ நடையில் சிமெண்ட் பூசி வைத்த இடத்தில், இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து, கை வைத்தால் உதிர்கிறது.

இன்னொரு தலைவலி, பக்கத்து வீடு. அதை இடித்துவிட்டார்கள். அது அவர்கள் உரிமை, ஆனால் இத்தனை காலம் வீட்டுக்குள் இருந்த சுவர் இப்போது மழையில் நனைகிறது. வேலூர்க் கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. தெரு வீட்டை யார் பார்ப்பது? மாநிலத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 2012-இல் மரபுடைமை ஆணையச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. என்னைக் கேட்டால் தனி வீட்டைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதைவிட தெருவின் வீட்டு வரிசை முழுவதையும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். நடுவில் ஒன்றை உருவினால் இரண்டு பக்கமும் ஆட்டம் காண்கிறதே!

இப்போதைக்கு அந்த மூலைத் தட்டோட்டை மட்டும் பெயர்த்து, சுண்ணாம்பிலேயே திரும்பப் பதிக்கலாம் என்று அண்ணனைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை, ஆரணி, வேலூர்ப் பக்கம் சாந்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இருந்தால் சொல்லுங்கள், ஐப்பசிக்கு முன்னால் வேலையை முடிக்கணும்.