மறி தின்ற கூரை

தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி யாழ்ப்பாணம் வந்து நாலு வருடம் ஆகிறது. புது நாட்டுக்குப் பழகுகிறேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள், அங்கேயும் தமிழ்தானே என்று. கஷ்டமே அதில்தான். வந்த புதிதில் மச்சாள் என்னிடம், "அம்மா பேசினது எண்டு மனசில வைக்காதேங்கோ அண்ணி" என்றபோது, மாமி என்னிடம் நன்றாகத்தானே பேசினார் என்று முழித்தேன். இங்கே பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதெல்லாம் கதைப்பது. திட்டு வாங்கியதே தெரியாமல் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் இங்கே நத்தார், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இந்த நத்தாருக்குக் கடற்கரைப் பங்குக் கோயில் ஒன்றில், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பாலன் குடில், அதுவும் ஆட்களும் ஆடுமாடும் உயிரோடு நிற்பது என்று கேள்விப்பட்டதும் மாமா வான் பிடித்துவிட்டார். நாங்கள் ஐந்து பேர் போவோம் என்றுதான் நான் நினைத்தேன். பிரான்சிலிருந்து வந்திருந்த பெரிய மாமி குடும்பம், சின்ன மாமா குடும்பம், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாம் சேர்ந்து 16 பேர். மூன்றரை வயது மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்தவள், போய்ச் சேரும்போது கடைசி சீட்டில் ஆச்சியின் மடியில் இருந்தாள், இடையில் எத்தனை கை மாறினாள் என்று தெரியாது.

டிசம்பர் இங்கே மாரி. வளவு முழுக்கச் சேறு, அதன்மேல் மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், நுளம்புக் கடி வேறு (கொசுதான்). (சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் மாற்றுடுப்பு இரண்டு கொண்டு போங்கள், ஒன்று போதாது.) எங்கள் வீட்டுக் குடில் என்றால் வைக்கோல் கூரையும் களிமண் சொரூபங்களும், மூக்கு உடைந்த ஒரு ராஜாவும்தான். இங்கே தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில், நிஜமான பசு, மூன்று மறி. பெட்டை ஆட்டை மறி என்பார்கள், அதற்குப் போடும் இலைதழை குழை. இரண்டும் எனக்கு என் மகள் சொல்லித் தந்த சொற்கள்.

கழுதை மட்டும் இல்லை. மன்னாரில் தெருத்தெருவாகத் திரிகிறதே, ஒன்றை ஏற்றி வந்திருக்கலாமே என்று சின்ன மாமா குறைப்பட்டார். மாமா விடவில்லை. லூக்கா தீவனத்தொட்டியை மட்டும்தான் எழுதியிருக்கிறார், மாடும் கழுதையும் பிறகு வந்து சேர்ந்தவை, 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ்தான் அவற்றை உயிரோடு கொண்டு வந்து நிறுத்தினார் என்று வரிசையில் நின்றபடியே ஒரு பிரசங்கம். நல்ல தகவல்தான், ஆனால் அதற்குள் மகள் என் கையை உதறிவிட்டு வேலியோரம் போய், கீழே கிடந்த பூவரசங் குழையை எடுத்து ஆட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். ஆடு அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் கொட்டிலின் தாழ்ந்த ஓரத்திலிருந்து ஒரு கிடுகை இழுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, நிதானமாக மென்றது. சூசையப்பர் ஊன்றுகோலால் அதன் விலாவில் தட்டித் தட்டிப் பார்த்தார், பலனில்லை.

பாலன் இரண்டு மாதக் குழந்தை, அதுவும் பெண் குழந்தை. சம்மனசு (தேவதூதர்) நற்செய்தி சொல்ல ஆரம்பித்த நேரம் பார்த்து வீரிட்டது. மரியாளுக்குப் பதினைந்து வயது இருக்கும், பிள்ளையைத் தூக்கவே தெரியவில்லை. "பாலன் அழுறார், பால் குடுங்கோ!" என்று என் மகள் கத்தியதில் கூட்டமே சிரித்தது. மாமி என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கொட்டிலுக்குள் போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். அழுகை நின்றது, மாமி வெளியே வரவில்லை. இடையர்கள் கூத்து மெட்டில் பாடி வணங்கி, ராஜாக்கள் வந்து காணிக்கை வைத்துப் போகும்வரை கைத்தறிச் சேலையோடு மரியாளுக்குப் பக்கத்திலேயே நின்றார். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிந்த மாதிரியில்லை.

ஏரோது வந்ததும்தான் வினை. மத்தளம் அதிர, வாளைச் சுழற்றிக்கொண்டு கூத்து அரசன் மிதித்து வருகிற வரவில் மகள் என் கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தைப் புதைத்துவிட்டாள். முடிந்ததும் அவரே கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். பார்த்தால், எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் மீன் கொண்டு வருகிற அண்ணை. "என்ன குஞ்சு, பயந்திட்டியளோ? நாளைக்கு உங்களுக்கு நல்ல விளைமீன் கொண்டு வாறன்" என்றார். அவள் நம்பவில்லை. வான் கிளம்பும்வரை ஆச்சியின் சேலைத் தலைப்புக்குள்ளேயே இருந்தாள்.

அடுத்த நாள் தூத்துக்குடிக்கு வீடியோ கால். அம்மாவிடம் அவளே மூச்சுவிடாமல் சொன்னாள்: "அம்மம்மா, மறி குழை தின்னேல்லை, பாலன்ர கூரையைத் தின்டது!"

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு வந்து என்னைத் தேடினார். "ஏட்டி, இவ என்ன சொல்லுதா?"