நான்கு நிமிடத்தில் பாதி

தில்லியில் ஒரு தேசியக் கட்சியின் தலைமை அலுவலகத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். அதில் மூன்று தேசிய மாநாடுகளுக்குப் பேச்சாளர் பட்டியல் போடும் குழுவில் இருந்தேன். பொதுச் செயலாளர் ஒருவர், மாநிலப் பொறுப்பாளர்கள் ஐந்தாறு பேர், கணினியில் பெயர்களை ஏற்றி இறக்க நான்.

நன்றாகப் பேசுகிறவர்களைத் தேடிப்பிடித்து மேடையேற்றுவதுதான் இந்த வேலை என்று சேரும் முன் நினைத்திருந்தேன். உள்ளே போனபின்தான் தெரிந்தது, இது நேரத்தைப் பங்கு போடும் வேலை. இரண்டு நாள் மாநாடு. கொடியேற்றம், இரங்கல் தீர்மானம், தலைவர் உரை, நிறைவுரை எல்லாம் போக, தீர்மானங்கள் மீது பேச மிஞ்சுவது 5 மணி நேரம். அரசியல், பொருளாதாரம், விவசாயம், தொழிலாளர், வெளியுறவு என்று ஐந்து தீர்மானங்கள். முன்மொழிகிறவருக்கு 15 நிமிடம், வழிமொழிகிறவருக்கு 10, விவாதத்தில் பேசும் ஏழெட்டுப் பேருக்கு ஆளுக்கு 4.

வந்து குவியும் பெயர்களோ முந்நூறைத் தாண்டும். "எங்கள் மாநிலத்துக்கு இரண்டு பேராவது வேண்டும்", "அவர் பெயர் இல்லையென்றால் ரயிலேறவே மாட்டார்" என்று நள்ளிரவு வரை போன் வரும். மாநிலம், சாதி, சிறுபான்மை, பெண்கள், இளைஞர் என்று கட்டம் கட்டமாக நிரப்புவோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் மாநாட்டுக்கு மாநாடு அதே பத்துப் பேர்தான் பேசுவார்கள். என் வருத்தம் வேறு. கட்டம் நிரம்பியதும், இவர் மேடையில் என்ன சொல்லப்போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. 1890 கல்கத்தா காங்கிரஸில் மருத்துவர் காதம்பினி கங்குலிக்குக் கிடைத்தது நன்றியுரை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து நான் தட்டச்சு செய்த முதல் வரைவிலும், பெண்களின் பெயர்கள் வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் எதிரில்தான் இருந்தன.

1885 டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடிய முதல் காங்கிரஸில், முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். அப்போது அவருக்கு வயது முப்பது. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்பது தீர்மானம். பத்திரிகை ஆசிரியராக அந்த நிர்வாகத்தைப் பற்றி வருடக்கணக்கில் எழுதிவந்தவர் அவர். விஷயம் தெரிந்தவர் கையில் தீர்மானம் இருந்தது. பட்டியல் போட உட்காரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இரண்டாவது மாநாட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு அக்காவின் பெயர் வந்தது. முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை, தொழிற்சங்கக் கிளைத் தலைவி. பெயரோடு, கோடு போட்ட நோட்டில் கிழித்த இரண்டு தாளில் அவர் கைப்பட எழுதிய கடிதமும் இருந்தது. கரோல்பாக்கில் என் அறையில் வைத்து அன்றிரவு படித்தேன். பாத்தியில் வெயில் பட்டு வரும் வெள்ளை வெளிச்சம் கண்ணை அறுப்பது, பாதத்து வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்குவது, மழை மாதங்களில் வேலை நின்று வீட்டில் அடுப்பு எரியாமல் கிடப்பது. அந்த மாதங்களுக்கு நிவாரணத் தொகை வேண்டும் என்று தொழிலாளர் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்.

குழுவில் முதல் கேள்வி, "இந்தி வருமா?" வராது. ஆங்கிலமும் வராது. நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். "சரி, 4 நிமிடம்" என்றார்கள். மொழிபெயர்ப்பும் அந்த நான்குக்குள்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

முந்தின நாள் இரவு பஹாட்கஞ்ச் விடுதியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். தமிழிலேயே 5 நிமிடம் ஆனது. எதை வெட்டுவது? "வணக்கம் சொல்லியே ஒரு நிமிஷம் போகுது தம்பி, அதை எடுத்துருவோம்" என்றார். மேடையில் இருக்கும் தலைவர்கள் பெயரைச் சொல்லாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்றேன். "தலைவர் பேரைச் சொல்லவா, கால் புண்ணைச் சொல்லவா? நீயே சொல்லு." வணக்கத்தை அடித்துவிட்டோம்.

மறுநாள் நிகழ்ச்சிகள் இழுத்துக்கொண்டே போய், அவர் முறை வந்தபோது மதியம் இரண்டு மணி. பாதி அரங்கம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். கண்ணைச் சொன்னார், பாதத்தைச் சொன்னார். அடுத்த தாளைப் புரட்டும்போது தலைமை மேசையில் மணி அடித்தது. அவர் உண்மையில் பேசியது 2 நிமிடம். மீதி இரண்டும் என்னுடையவை. நிவாரண வரி சேராமலே தீர்மானம் நிறைவேறியது.

படியிறங்கும்போது தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, "மழை மாசத்தைச் சொல்லலையே தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் ரயில் பயணத்தில் அந்தத் தாள் அவர் இடுப்பிலேயே இருந்திருக்கும் என்று நினைத்து அன்று தூங்கவில்லை.

மூன்றாவது மாநாட்டில் ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டேன். நாடாளுமன்றத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் தமிழிலேயே பேசலாம், மற்றவர்கள் காதில் மொழிபெயர்ப்பு வந்துவிடும். அந்த வசதிக்கு நம்மிடம் பணமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச்சை முன்னதாகவே எழுதி வாங்கி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து நாற்காலிக்கு ஒன்று வைக்க முடியும். அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் பேச்சை முதலிலேயே எழுத்தில் வாங்கிப் பார்த்துவிடுகிறார்கள். 2004இல் பாஸ்டனில் ஒபாமா பேசிப் பெயர் வாங்கியதும் எழுதித் தயாரித்த பேச்சுதான். எழுதி வைத்தால் பேச்சின் உயிர் போய்விடும் என்றார்கள் எங்கள் குழுவில். மூன்று கூட்டம் பேசியபின் சம்மதித்தார்கள். இந்தி தெரியாத நான்கு பேருக்கு முழு நேரமும் அவரவர் மொழிக்கே கிடைத்தது.

அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, பயணம் முடியாது என்று எழுதியிருந்தார். அதே உப்பளத்திலிருந்து ஒரு இளம்பெண்ணை அனுப்பினார். அவள் மேடையேறினாள், வணக்கம் சொல்லவில்லை. மழை மாதத்திலிருந்து தொடங்கினாள்.