மேலவீட்டு அத்தை

போன மாசம் ஒரு மத்தியானம் கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள். குரல் நடுங்கியது. "நான் யார்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்கலயேப்பா. எவனோ ஒருத்தன் போன் போட்டு, 'மேலவீட்டு அத்தைதானே பேசுறது'ங்கான்."

அம்மாவை அப்படிக் கூப்பிடுவது ஒரே ஒருவர்தான். எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்புறம் குடியிருக்கிற, தையல் தைக்கிற அக்கா. மிஷின் ரிப்பேருக்காக, வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு இறக்கிய ஒரு கடன் ஆப்பில் ஐயாயிரம் வாங்கியிருக்கிறார். தவணை நாலு நாள் தள்ளிப்போனதும், அவர் போனில் இருந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக அழைப்பு. துணி கொடுத்தவர்கள், மகனுடைய வகுப்பு டீச்சர், என் அம்மா. யாரை எந்தப் பெயரில் பதிந்திருந்தாரோ, அதே பெயரைச் சொல்லி.

ஆப்பைப் போட்ட அன்றைக்கு அது கான்டாக்ட்ஸைக் கேட்டிருக்கும். அக்கா 'அலோ' (அனுமதி) கொடுத்திருக்கிறார். கொடுத்தால்தான் அடுத்த பக்கமே வந்ததாம். கடன் ஆப்புகள் கான்டாக்ட்ஸையோ, அழைப்புப் பட்டியலையோ, போனில் உள்ள கோப்புகளையோ தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம்கூட, கடன் வாங்குபவர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சிக்காக, சம்மதம் வாங்கி, ஒரு முறை மட்டும்தான். 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் கடன் ஆப்புகளுக்குக் கான்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் தடை செய்துவிட்டது. பிளே ஸ்டோர் வழியாக வராமல் லிங்க்கில் நேராக வருகிற ஆப் கோப்பு, அதாவது ஏபிகே, இதற்கெல்லாம் எங்கே கட்டுப்படும்?

அன்று ராத்திரி என் போனை எடுத்தேன். செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜர், அதில் கான்டாக்ட்ஸ். 18 ஆப்புகளுக்கு அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட் ஆப், போட்டோவை அழகாக்குகிற ஆப், எப்போதோ ஒரே ஒரு தடவை பிடிஎஃப் ஆக்கப் போட்ட ஸ்கேனர். என் பட்டியலைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். 'அம்மா சுகர் டாக்டர்'. 'பாப்பா ஸ்கூல் ஆட்டோ'. 'சித்தப்பா வக்கீல்'. என் அம்மாவுக்கு என்ன நோய், என் மகள் எதில் பள்ளிக்கூடம் போகிறாள், சித்தப்பா வீட்டில் வழக்கு நடக்கிறது என்று மூன்று வரியில் எல்லாம் இருக்கிறது. இதில் எதுவும் என் ஒருவனுடையது இல்லை. என்னை நம்பி நம்பர் கொடுத்தவர்களைக் கேட்காமல் நான் எப்படி 'அலோ' கொடுக்க முடியும்? போன் பேசுகிற ஆப், வாட்ஸ்அப் இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் மூடினேன். பணம் அனுப்புகிற ஆப்புக்குக்கூட கான்டாக்ட்ஸ் வேண்டியதில்லை. நம்பரைத் தட்டினாலோ க்யூஆரை ஸ்கேன் செய்தாலோ போதும்.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து பிரைவசி டாஷ்போர்டு என்று ஒன்று உண்டு. 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது இருப்பிடத்தையும் மைக்கையும் எடுத்தது என்று காட்டும். வானிலை ஆப், நான் தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலை 3 மணிக்கு என் இருப்பிடத்தைப் பார்த்திருந்தது. அதற்கு இனிமேல் 'பயன்படுத்தும்போது மட்டும்', அதுவும் தோராயமான இடம்தான். மழை வருமா என்று சொல்ல என் தெரு வரைக்கும் தெரிய வேண்டாம். ஒரு ஆப்புக்கு எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கொடுத்தால் ஓடிபியையும் சேர்த்துத்தான் படிக்கும். அக்ஸசிபிலிட்டி அனுமதி கொடுத்தால், அந்த ஆப் திரையில் உள்ளதைப் படித்து, உங்களுக்குப் பதிலாகத் தானே பட்டனையும் தொடும். தெரியாத ஆப் இதைக் கேட்டால் அப்போதே அழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அக்காவோடு உட்கார்ந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். அவர் போனில் ஒவ்வொரு அனுமதியாக அணைத்துக்கொண்டிருந்தேன். "இப்ப அணைச்சா, போனதெல்லாம் திரும்பி வந்துருமா தம்பி?" என்றார். வராது என்று சொல்லத்தான் முடிந்தது. அந்தப் பட்டியல் அவனிடம்தான் இருக்கிறது. அவர் புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா தன் போனை என் மடியில் வைத்தாள். "இதுல இவ நம்பரும் இருக்கு. இதையும் பாத்துரு."