அந்த ஜி ப்யூகிள் சத்தம்

அமெரிக்காவுல பெரியவங்க வாசிக்கிற ட்ரம் கோர்ல (ட்ரம்ஸும் பித்தளை ஊதுகருவிகளும் வாசிச்சுக்கிட்டே அணிவகுக்கிற குழு) மேல் வயசு வரம்பே கிடையாது, வேலை குடும்பம்னு இருக்கறவங்களும் வீக்கெண்ட் ரிகர்சலுக்கு வந்துடுவாங்க. நிறைய குழுக்கள் அமெரிக்கன் லீஜன் மாதிரி முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள்ல பிறந்ததுதான், ஹாதார்ன் கபயரோஸ்ங்கிற குழு 1946லயே ஆரம்பிச்சாச்சு. அப்போ ப்யூகிள்னு சொல்ற பித்தளை ஊதுகருவி ஜி சுருதியில இருக்கும், நோட்டை மாத்துற வால்வும் கம்மி, அதனால பல நோட்டு வரவே வராது, அரேஞ்ச் பண்றவர் பாடு திண்டாட்டம்தான்! அப்புறம் ரெண்டு வால்வு, மூணு வால்வு, இப்போ பி ஃப்ளாட் ட்ரம்பெட், மைக், சிந்தசைசர்னு எல்லாமே வந்தாச்சு. அந்த முரட்டு சத்தம் போச்சேன்னு பழைய ஆளுங்க புலம்புவாங்க. எனக்கு பி ஃப்ளாட் ஓகே, சுருதி சேர்றது ஈஸி (கடையிலயும் கிடைக்கும்). ஆனா சிந்தசைசர் பேஸ், ட்யூபா தூக்கி நடக்கறவங்க உழைப்பை அப்படியே அமுக்கிடுது, அதை மட்டும் ஏத்துக்க முடியல. பெரியவங்க குழுக்களுக்குன்னு தனியா போட்டி நடத்தின டிசிஏவும் (ட்ரம் கோர் அசோசியேட்ஸ்) 2024 சீசன்ல இருந்து, இளைஞர் குழுக்களுக்குப் போட்டி நடத்துற டிசிஐக்குள்ள (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) போயிடுச்சு, செப்டம்பர் ஆரம்பத்துல வர்ற லேபர் டே வீக்கெண்ட் ஃபைனல்ஸும் அதோட முடிஞ்சுது.