சாரலில் பன்னிரு சிவாலயம்

சிவாலய ஓட்டம் என்றாலே மாசி மாதமும் கொதிக்கும் தார்ச்சாலையும்தான் நினைவுக்கு வரும். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, கையில் பனையோலை விசிறியுடன், ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டே நட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலில் ஓடுவார்கள். அதே பன்னிரண்டு கோயில்களையும் ஆனி மாதச் சாரலில் ஒரே நாளில் சுற்றி வரப்போகிறோம் என்று எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் முடிவு செய்தபோது, வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் போனால் அது என்ன ஓட்டம்? நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைய மழை எங்களை ஓடவும் விடவில்லை, ஓட்டவும் விடவில்லை.

நாகர்கோவிலில் இருந்து இருட்டோடு கிளம்பினோம். திருமலையில் நடை திறந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. இங்கெல்லாம் கேரள முறைப்படி ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. சாரலில் வந்து நின்றால்தான் தெரியும்: கையுறை, ஹெல்மெட், மழைக்கோட்டு, ஜாக்கெட், பூட்ஸ், ஈரச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, குளிர்ந்த கருங்கல்லில் வெறுங்காலை வைக்கும்போது உடம்பு ஒரு முறை தூக்கிப்போடும். வாழையிலைத் துண்டில் பூவோடு வாங்கிய சந்தனம் நெஞ்சில் பூசிய உடனே காய்வதில்லை. மழைத்துளி பட்டு வயிறு வரை கோடு கோடாக வழியும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த கோயில். இரண்டாவது கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹெல்மெட்டின் உள்பஞ்சு முழுக்கத் திருநீற்றுக் குழம்பு.

திக்குறிச்சி தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல, இது நம் குழித்துறை ஆறு. இந்தக் கோயிலில் நந்தி கிடையாது. ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்த நந்தியை ஆற்றில் அமிழ்த்திவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். செம்மண் நிறத்தில் சுழித்து ஓடிய ஆற்றைப் பார்த்தபோது, அது இன்னும் அடங்கவில்லையோ என்று ஒரு நண்பர் கேட்டார்.

அங்கிருந்து திற்பரப்புக்குப் போகும் வழியில்தான் உண்மையான சோதனை. இரு பக்கமும் ரப்பர் தோட்டம். மழைக்காலத்திலும் பால் வெட்டுவதற்காக ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பார்கள். அதன் கீழே சிரட்டை. உதிர்ந்த இலைகள் நனைந்து சாலையோடு ஒட்டிக் கிடக்கும். வளைவில் அதன்மேல் பிரேக்கைத் தொட்டால் பின்சக்கரம் தன் போக்கில் போய்விடும். எங்களை வழிநடத்திய அண்ணன் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை, யாரையும் தாண்ட விடவும் இல்லை. “மெதுவாக வா மக்கா, சிவன் எங்கேயும் எழுந்து போய்விட மாட்டார்” என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு புருஷாமிருகத்தை நினைவூட்டியது. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும் என்று கண்ணன் பீமனை அனுப்பினான். கையில் பன்னிரண்டு உருத்திராட்சங்களையும் கொடுத்தான். பாதி மனிதன், பாதி மிருகமான அது பெரும் சிவபக்தன். திருமாலின் பெயரைக் கேட்டாலே ஆகாது. பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கத்திக்கொண்டு ஓட, அது துரத்த, பிடிபடும் நேரத்தில் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போடுவான். அது லிங்கமாகிவிடும். புருஷாமிருகம் துரத்தலை மறந்து பூஜைக்கு உட்கார்ந்துவிடும். அந்த இடங்கள்தான் பன்னிரு சிவாலயங்கள். நாம் எல்லோரும் பீமனைப் போலத்தான் ஓடுகிறோம். ஆனால் கதையில் பக்தி செய்தது ஓடியவன் அல்லவே, கையில் சிக்கிய இரையை விட்டுவிட்டு நின்ற அந்த மிருகம்தானே!

திற்பரப்பில் கோதையாறு பாறை நிறையப் பொங்கி விழுந்துகொண்டிருந்தது, குளிக்கத் தடை. தக்கனின் யாகத்தை அழித்த வீரபத்திரராக இங்கே சிவன் இருக்கிறார். அருவிச் சத்தத்தில் கோயில் மணி பாதிதான் கேட்டது. உக்கிரமூர்த்திக்கு ஏற்ற நாள்.

திருநந்திக்கரையில் கோயிலோடு நின்றுவிடாமல் அருகே உள்ள குடைவரைக்கும் போக வேண்டும். பாறையைக் குடைந்த மண்டபத்துச் சுவரில் பழைய ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசிச் சதயத்தை இங்கே கொண்டாட ஏற்பாடு செய்த கல்வெட்டும் இந்தக் குடைவரையில்தான். தஞ்சாவூர்க்காரர்கள் கொண்டாடும் சதய விழாவுக்கு எங்கள் மலையோர ஊரிலும் சாட்சி உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பொன்மனையில் தீம்பிலேசுவரரைப் பார்த்துவிட்டுப் பன்னிப்பாகம் போனபோது நடை சாத்தியாகிவிட்டது. வேடன் வடிவில் அர்ச்சுனனோடு மல்லுக்கு நின்ற கிராதமூர்த்தியை வெளியே நின்றே கும்பிட்டோம். ஒரு தேநீர்க் கடையில் சுக்குக் காப்பியும் ஏத்தன்பழ பஜ்ஜியும். அந்த மழைக்கு அதுவும் பிரசாதம்தான்.

மாலையில் நடை திறந்த பிறகு கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று வரிசையாகக் கிடைத்தன. பத்மநாபபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில் சற்று அதிக நேரம் இருந்தோம். வேளிமலைக் காற்று மேலாங்கோட்டில் பல்லைக் கிட்ட வைத்தது.

கடைசியாகத் திருநட்டாலம். குளத்தின் ஒரு பக்கம் மகாதேவர், மறுபக்கம் சங்கரநாராயணர். ஒரு காலைத் தன் எல்லையிலும் மறு காலைப் புருஷாமிருகத்தின் எல்லையிலும் வைத்துப் பிடிபட்ட பீமனின் உடலில் பாதி மிருகத்துக்கே என்று தருமர் தீர்ப்பு சொன்னார் என்பார்கள். தம்பி என்று பார்க்கவில்லை. அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி தந்ததும் மிருகத்தின் பகை தீர்ந்தது. அண்ணன் அங்கேதான் அன்று முதல் முறையாகக் ‘கோவிந்தா, கோபாலா’ என்று குரல் கொடுத்தார். குளிரில் எங்கள் பதில் குரல் தந்தியடித்தது.

சாரல் காலத்தில் போக நினைப்பவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பன்னிப்பாகத்தில் நடை சாத்துவதற்குள் சேர்ந்துவிடலாம். மாற்று வேட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் வேண்டாம், ரப்பர் செருப்பே போதும் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். வண்டி ஓட்டும்போது செருப்பு கூடவே கூடாது என்று அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார். வாட்ஸ்அப்பில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.