பனியன் துணி: கழுத்து முடிந்தது, ஹெம் (கீழ் ஓர மடிப்பு) பாக்கி

நான் தைக்கும் டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி சுற்றி முடிந்தது, ஒரு தையல்கூட விடவில்லை. வீட்டு ஜிக்ஜாக் மெஷினில், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணியில். நன்றாக இழுத்துப் பார்த்தேன், நூல் அறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தையல் ஓரத்தில் பொத்தல் இல்லை. ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமல் பனியன் துணியைத் தொடவே கூடாது என்று இத்தனை நாள் எனக்குச் சொன்னவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்: தைக்கலாம், அழகாகவே தைக்கலாம். ஊசி மட்டும் சரியானதாக இருக்க வேண்டும்.

அந்த ஊசிக்குத்தான் அத்தனை அலைச்சல். எங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர்களுக்குத் துணிக்குப் பஞ்சமே கிடையாது. லைனிங், ஃபால்ஸ், கொக்கி, பிளவுஸ் பிட் என்றால் பாலக்காட்டில் முடிந்துவிடும். வேலந்தாவளம் தாண்டிப் பஸ் ஏறினால் கோவை உக்கடம், அங்கிருந்து டவுன்ஹால் பக்கம்தான். மணிக்கூண்டைச் சுற்றிப் பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி, நடுவில் உள்ள சந்துகள் என்று ஒரு நடை போனால் பட்டன், எலாஸ்டிக், ஜிப், கேன்வாஸ், லேஸ் எல்லாம் பையில் வந்துவிடும். ஆனால் எந்தக் கடையில் ஊசி கேட்டாலும் "பதினாலா, பதினாறா?" என்று நம்பரை மட்டும்தான் கேட்கிறார்கள். முனை எப்படி வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம்.

பனியன் துணிக்கு முனைதான் முக்கியம். சாதா ஊசியின் கூர்முனை பின்னலின் கண்ணியைக் குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று தெரியாது. இரண்டு தரம் துவைத்து இழுத்ததும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை விழும், அங்கிருந்து கண்ணி ஓடும். பால் பாயின்ட் ஊசிக்கு முனை லேசாக மழுங்கி இருப்பதால் கண்ணியை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும். இது பலருக்கும் தெரிந்த சங்கதிதான்.

என்னை அலைய வைத்தது இன்னொன்று: தையல் தாவுவது. ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும்போது நூல் பின்பக்கமாக ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அடியில் சுழலும் ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். வளையம் உருவாகாது, கொக்கி வெறுமனே சுற்றிவிட்டுப் போகும். பால் பாயின்ட் போட்டாலும் இது முழுதாக நிற்பதில்லை, அதிலும் பட்டிக்கான ரிப் துணியும் (வரிவரியாக நன்றாக இழுபடும் பின்னல்) ஜெர்சியும் மூன்று மடிப்பாகச் சேரும் கழுத்தில். நூல் இறுக்கும் டென்ஷனைத் திருகுவது, நூலை மாற்றுவது, எண்ணெய் விடுவது எல்லாம் அந்த இடத்தில் உதவாது. அங்கே வேண்டியது ஸ்ட்ரெச் ஊசி. அதில் கண்ணுக்கு மேலே பின்பக்கம் உள்ள பள்ளம் இன்னும் ஆழமாகக் குடைந்திருக்கும், கொக்கி ஊசிக்கு மிக அருகில் வந்து வளையத்தைப் பிடிக்கும்.

கோவையில் ஒரு கடையில் பால் பாயின்ட் என்று கேட்டதும் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். நூலும் எலாஸ்டிக்கும் சேர்த்து பில் போட்டாயிற்று. வீட்டில் பிரித்தால் தண்டு உருண்டை! கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினுக்கான டிபி x 1 வகை. வீட்டு மெஷினுக்கு ஹெச்ஏ x 1 வேண்டும், தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். நூறு கம்பெனி மெஷின் ஊசிக்கு நடுவே வீட்டு ஊசியை விற்க அவர்களுக்கு நேரமில்லை போல. பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது மெஷின் ரிப்பேர் செய்யும் ஒரு சின்னக் கடையில். பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த பழைய ஊசியையும் துணித்துண்டையும் கொடுத்தேன். துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்தார்.

"லைக்ரா போட்ட துணிங்களே அம்மணி. இதுக்கு வெறும் பால் பாயின்ட் பத்தாதுங்க."

"வேற என்னங்கண்ணா இருக்கு?"

டப்பாவைத் துழாவி ஆர்கன் கம்பெனியின் ஹெச்ஏ x 1 எஸ்பி, அதாவது ஸ்ட்ரெச் ஊசி, பதினொன்றாம் நம்பர் எடுத்து வைத்தார். ஊசியை விளக்குப் பக்கம் திருப்பி அந்தப் பின்பள்ளத்தை நகத்தால் தடவிக் காட்டினார். சாதா ஊசியில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது, இதில் ஒரு படியில் இறங்குவதுபோல் நிற்கிறது. இனி நான் எந்த ஊசி வாங்கினாலும் நகத்தால் தடவிப் பார்க்காமல் காசு கொடுக்கப் போவதில்லை. ஷ்மெட்ஸ் கம்பெனி ஊசி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம்: தண்டில் மஞ்சள் கோடு இருந்தால் ஸ்ட்ரெச், ஆரஞ்சு என்றால் ஜெர்சி, நீலம் என்றால் ஜீன்ஸ். அதற்குக் கீழே உள்ள இரண்டாவது கோடு நம்பரைச் சொல்வது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதனால் ஊரிலிருந்து கோவைக்குத் துணி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை, முதலில் ஊசிக் கடைக்குப் போங்கள், பழைய ஊசி ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

துணி பற்றியும் கொஞ்சம். இந்தத் துணி திருப்பூரில் எடுத்தது, கிலோ கணக்கு. 180 ஜிஎஸ்எம், அறுபது இஞ்ச் ஓப்பன் வித் (விரித்த அகலம்) என்றால் ஒரு கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்கு மேலேயே வரும். மீட்டர் கணக்கில் கட் பீஸ் வாங்குவதோடு ஒப்பிட்டால் கிலோதான் லாபம், மீதித் துணியில் சோதனைத் தையல் போடலாம். ஜிஎஸ்எம் வட்டமாக வெட்டும் கட்டர் கடையில் இருந்தால் வெட்டி எடை போடச் சொல்லுங்கள். அந்த வட்டம் நூறு சதுர சென்டிமீட்டர், 1.8 கிராம் நின்றால் 180. காம்பேக்ட்டிங் (துவைத்தால் சுருங்காதிருக்க முன்கூட்டியே அமுக்குவது) செய்த துணிதானா என்று கேளுங்கள். அப்படியே இருந்தாலும் ஒரு முறை அலசிக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கழுத்துக்கு வருகிறேன். கழுத்துச் சுற்று 52 செ.மீ., ரிப் பட்டி 44 செ.மீ., அதாவது எண்பத்தைந்து சதவீதம், தையல் பிடிப்பு தனி. நான்கு இடத்தில் குண்டூசி குத்தி, பட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு உடம்புத் துணியைத் தானாக ஓட விட்டேன். ஜிக்ஜாக் அகலம் 1, நீளம் 2.5. துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்தாயிற்று. அதைக் குறைக்காமல் தைத்தால் துணி அலை அலையாக நெளிந்து நிற்கும், இஸ்திரி போட்டாலும் படியாது. தோள் தையலில் கண்ணாடி மாதிரி இருக்கும் மோபிலான் என்ற இழுபடும் டேப் ஒன்று வைத்தேன், தோள் தொங்காமல் நிற்கிறது. அந்த டேப்பும் திருப்பூர் சரக்குதான்.

இதற்கிடையில் மனம் குத்தாம்புள்ளிப் பக்கம் போய்விட்டது. ஓணத்துக்கு மகனுக்குக் கசவுக் கரை (ஜரிகைக் கரை) வைத்த சட்டை தைக்க வேண்டும். திருவில்வாமலை பக்கத்து ஊர்தான், நெசவுக்குப் பேர்போன தேவாங்கர் சமூகத்தார் தறியில் நெய்த துணியை அங்கேயே போய் எடுக்கலாம். அதற்கு ஜெர்சிக்கு நேர் எதிரான ஊசி வேண்டும், மெல்லிய கூர்முனை. பால் பாயின்ட் போட்டால் நெருக்கமாக நெய்த ஜரிகைக் கரையில் கோடு நேராக விழாது. விலை குறைந்த ஜரிகையில் பாலியஸ்டர் இருக்கும், சூடு அதிகமானால் சுருங்கிவிடும், கரைமேல் துணி போட்டுத்தான் இஸ்திரி.

அதற்கு முன் இந்த டி-ஷர்ட்டின் ஹெம். இரட்டை ஊசி போடப் போகிறேன், 4 மி.மீ. இடைவெளி, ஸ்ட்ரெச் முனை. டவுன்ஹாலில் கிடைத்ததெல்லாம் சாதா முனை இரட்டை ஊசி, வாங்காமல் வந்துவிட்டேன். பெரியவர் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அகலத் துளை உள்ள ஜிக்ஜாக் தட்டைப் போட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி இரண்டு முனையும் தட்டில் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவேன். பாபினில் ஊலி நைலான் என்ற புசுபுசுப்பான இழுபடும் நூலைச் சுற்றினால் இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி புடைக்காது என்கிறார்கள், அதையும் மீதித் துணியில் போட்டுப் பார்க்க வேண்டும்.