உகாண்டாவுக்குப் பின்னோக்கி நாள் எண்ணியது

உகாண்டா பயணம் உறுதியானதும் டிக்கெட் போடுவதற்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மையத்தில் நாள் வாங்கிவிட்டேன். அந்த நாட்டுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும். ஊசியும் நினைத்த இடத்தில் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான். குப்பியைத் திறந்து மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் பல மையங்களில் ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாள்களில்தான் போடுகிறார்கள்.

முட்டை ஒவ்வாமை உண்டா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வயது 60 தாண்டிவிட்டதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வலுவிழந்த உயிருள்ள வைரஸைக் கொண்டு செய்த ஊசி அது, கேட்கத்தான் வேண்டும். ஊசி முடிந்ததும் மஞ்சள் அட்டைப் புத்தகம் கைக்கு வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் அங்கேயே நின்று சரிபார்த்தேன். ஓர் எழுத்து பிசகினாலும் விமான நிலையத்தில் வாதாட நமக்குத் தெம்பு இருக்காது. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2016 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும்.

டைபாய்டு ஊசியைக் கிளம்புவதற்கு 2 வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அது முழுப் பாதுகாப்பு தராது என்பதால் குடிநீரில் கவனம் எப்படியும் தேவை. ரேபிஸ் ஊசி தேவையா என்று யோசித்தேன். முன்கூட்டிப் போட்டாலும் நாய் கடித்தால் மறுபடி ஊசி உண்டுதான். ஆனால் குக்கிராமங்களில் கிடைக்காத இம்யூனோகுளோபுலினை (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) தேடி அலைய வேண்டியதில்லை. சரி, போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மலேரியாவுக்கு மாத்திரைதான் வழி. எனக்கு அடோவாகோன்-புரோகுவானில், உடன் வந்த நண்பருக்கு விலை குறைந்த டாக்சிசைக்ளின். இரண்டையும் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் தினமும் போட வேண்டும். டாக்சிசைக்ளினில் வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றும். நண்பர் தொப்பியைக் கழற்றவே இல்லை. மாத்திரை இருக்கிறதே என்று கொசுவை விட்டுவிட முடியாது. மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்கு கொசுவுக்குப் பகல்தான் வேட்டை நேரம். எனவே இரவில் கொசுவலை, பகலில் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு. வெயிலுக்கான சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அதன்மேல்தான் இதைப் பூச வேண்டும்.

திரும்பி வந்த பிறகுதான் வம்பு தொடங்கியது. "அதான் வந்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார் நண்பர். கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வரும். என் மாத்திரை கல்லீரலிலேயே அதைத் தாக்குவதால் எனக்கு 7 நாளில் முடிந்தது. ரத்தத்துக்கு வந்த பிறகே டாக்சிசைக்ளின் அதைப் பிடிக்கும் என்பதால் அவருக்கு 4 வாரம். முணுமுணுத்துக்கொண்டே முடித்தார். அப்புறம் ஒன்று: சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.